ஊவாவில் ஒரே நாள்: துன்ஹிந்தவா, தியலுமவா?

இலங்கையின் ஊவா மாகாணத்துக்குப் போகிறவர்களில் பலர் எல்லயில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்து, இராவணன் நீர்வீழ்ச்சியில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 25 மீற்றர் உயரமான அந்த அருவி வீதியோரத்திலேயே விழுவதால் எப்போதும் சனம்தான். இன்னொரு நாள் கையிலிருந்தால் பதுளைப் பக்கம் துன்ஹிந்த அருவிக்குப் போவதா, வெல்லவாயப் பக்கம் தியலும அருவிக்குப் போவதா?

உயரத்தை மட்டும் கேட்டால் போட்டியே இல்லை. தியலும 220 மீற்றர், துன்ஹிந்த 64. ஆனால் எனக்கு அருவி என்றால் முதலில் தண்ணீர். இலங்கையிலேயே உயரமான பம்பரகந்தவும் (263 மீற்றர்) பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. மழை விட்ட மாதங்களில் பாறையில் மெல்லிய கோடாகிவிடுகிறது. இரத்தினபுரி வழியாக வருகிறவர்கள் களுபஹனவில் திரும்பி அதைப் பார்க்கலாம். அதற்கென்று ஒரு நாளைக் கொடுக்க மாட்டேன்.

துன்ஹிந்தவில் பதுளு ஓயா என்ற ஆறே விழுகிறது. பதுளை நகரிலிருந்து கிட்டத்தான், ஆனால் வாகனத்தை விட்டு இறங்கி ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். பார்வை மேடைக்கு வருமுன்பே சாரல் முகத்தில் அடிக்கும். குளிக்க இறங்கக் கூடாது, இழுப்பு அப்படி. வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பரில் போனால் எதிரே நிற்பவர் பேசுவதும் கேட்காது.

தியலுமவைக் கீழே பாலத்தருகே நின்று பார்த்துவிட்டுப் போவது பாதிப் பயணம்தான். பூனாகலைப் பக்கமாகத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மானாப்புல்லுக்குள் நடந்து உச்சிக்குப் போனால் பாறைக் குழிகளில் தெளிந்த நீர். கழுத்தளவு அமிழ்ந்தபடி கீழே சமவெளி முழுவதையும் பார்க்கலாம். ஊவாவில் இதற்கு இணையான குளியலிடம் எனக்குத் தெரியாது. அதே பாறை நனைந்தால் வழுக்கும், மேலே மழை பெய்தால் நீர் சட்டென ஏறும். சிறு பிள்ளைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

இந்த மலைகளில் மழையை லேசாக எண்ணவே கூடாது. தியலுமப் பக்கத்துக் கொஸ்லந்தவுக்கு அருகேதான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது அங்கேதான். அந்த வழியாகப் போகிறவர்கள் அம்மக்களையும் நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாலைக்குக் குளம் வேண்டுமென்றால் இரு பக்கமும் உண்டு. தியலுமவிலிருந்து இறங்கினால் வெல்லவாயவைத் தாண்டி ஹந்தபானாகல குளம். யானைகள் வரும் கரை. துன்ஹிந்த வீதியிலேயே தொடர்ந்தால் மகியங்கனையில் சொரபொர குளம். பாறையைக் குடைந்து மதகு வைத்த அந்தப் பழைய வேலையைப் பார்க்கவாவது போகலாம், ஆனால் தூரம் அதிகம், விடியவே கிளம்ப வேண்டும்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில், நடக்கத் தெம்புள்ளவர்களோடு என்றால் தியலும. மழைமாதங்களிலும், வீட்டுப் பெரியவர்கள் கூட வரும்போதும் துன்ஹிந்த. அவர்கள் மெதுவாக நடக்க நேரம் விட்டு, காலையிலேயே போய்விடுங்கள்.