தமிழ்வழிக் கணக்கு வினாத்தாள்: லேடெக்குடன் 11 ஆண்டுகள்

திருமங்கலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் கணக்கு நடத்தும் நான், 11 ஆண்டுகளாக வினாத்தாள்களை லேடெக்கில்தான் (கட்டளைகளாக எழுதினால் பக்கத்தை அச்சுக்கு வடிவமைத்துத் தரும் மென்பொருள்) தயாரித்து வருகிறேன். அதற்கு முன்பெல்லாம் கையால் எழுதி, மதுரையில் ஒரு டிடிபி கடையில் கொடுப்பது வழக்கம். அவர்கள் தமிழைப் பேஜ்மேக்கரில் அடித்துச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டுவார்கள். வர்க்கமூலக் குறியின் மேற்கோடு கோவையின் பாதியிலேயே நின்றுவிடும், அதைத் திருத்தச் சொன்னால் அடுத்த மெய்ப்பில் வேறொரு படம் இடம் மாறியிருக்கும்.

தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகைச் சகிக்காமல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1977-இல் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல்தான் லேடெக்குக்கு அடித்தளம் என்பதால், கணிதக் குறியீடுகளில் எனக்கு இதுவரை பெரிய குறை தென்பட்டதில்லை. அணிக்கோவையில் உறுப்புகளுக்கிடையே ஆம்பர்சண்டும் (&) நிரை முடிவில் இரண்டு பின்சாய்வுகளும் இட்டால், நிரல்கள் தாமே நேராக நிற்கும், பக்கக் கோடுகளும் உயரத்துக்கேற்ப நீளும். வரிக்குள் வரும் பின்னத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: பின்னம் இடும் ஃப்ராக் கட்டளை அங்கே எழுத்தைச் சுருக்கிவிடுவதால், ஜெராக்ஸ் எடுத்த தாளில் அடுக்குகள் புள்ளியாகிவிடுகின்றன. நான் எழுத்தைச் சுருக்காத டிஃப்ராக்கையே பயன்படுத்துகிறேன்; வரி இடைவெளி சற்று ஏறி இறங்கினாலும் பரவாயில்லை.

தொல்லையெல்லாம் தமிழால்தான் வந்தது. யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் லேடெக் வகையான ஸீலேடெக்கில் எழுத்துருவை அறிவிக்கும்போது ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பிடாமல் விட்டதால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதை முதல் மாதத்திலேயே பார்த்துவிட்டேன். அது கண்ணில் படும் பிழை என்பதால் ஆபத்தில்லை. படாத பிழை ஒன்று உண்டு. ஒரு திருப்புதல் தேர்வில், எக்ஸ் விகிதமுறு எண் எனில் 1, இல்லையெனில் 0 என்று ஒரு சார்பை வரையறுத்திருந்தேன். அந்தத் தமிழ்ச் சொற்களை, சமன்பாட்டுக்குள் வரும் சொற்களைச் சாதாரண எழுத்துருவில் இடும் டெக்ஸ்ட் கட்டளைக்குள் வைக்க மறந்துவிட்டேன். கணித எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையாதலால், பிடிஎஃப்பில் அவை சுவடில்லாமல் மறைந்து, 1-க்குப் பக்கத்தில் எக்ஸ் மட்டும் தனியாக நின்றது. "சார், எக்ஸ் என்னவாக இருந்தால் 1?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் லேடெக் தன் எச்சரிக்கைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன், விடுபட்ட எழுத்து ஒவ்வொன்றும் அதில் முறையாகப் பதிவாகியிருந்தது. ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸ் என்ற அமைப்புக்கு 3 என மதிப்பளித்தால் எழுத்து விடுபடும்போதே பிழை காட்டும் வசதி 2021-இல் வந்தது. தமிழில் கணக்கு அடிப்பவர்கள் அந்த ஒரு வரியைத் தங்கள் முகப்புக் கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது.

இன்னமும் தீராதது சக ஆசிரியர்களின் கோரிக்கைதான். அவர்கள் வேர்டு கோப்பு கேட்கிறார்கள். கோப்பு வடிவங்களை மாற்றித்தரும் பேண்டாக் நிரல் மூலம் மாற்றினால் சமன்பாடுகள் திருத்தக்கூடியவையாகவே வருகின்றன, ஆனால் வலது ஓரத்தில் அடுக்கி வைத்த மதிப்பெண்கள் கலைந்துவிடுகின்றன; அவற்றை இன்றும் கையால்தான் சரிசெய்து அனுப்புகிறேன்.