பெங்களூரு கட்டுமானக்காரர்களுக்கு எது பயன்: கண்காட்சியா, மாலைப் பேச்சா, கம்பெனி மீட்டிங்கா?

பெங்களூரில் சைட் பார்க்கிற தமிழ் எஞ்சினியருக்கும் சின்ன கான்ட்ராக்டருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்புக்குக் குறைவே இல்லை. கண்காட்சி, கருத்தரங்கு, சிமெண்ட் கம்பெனி மீட்டிங், சங்கக் கூட்டம் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் போனால் காங்கிரீட் போடுகிற அன்று சைட்டில் யார் நிற்பது? அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடுகிறேன்.

2024 மார்ச்சில் இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது நினைவிருக்கும். கட்டட வேலைக்குக் குடிநீரைத் தொடக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. சுத்திகரித்த கழிவுநீரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைக் காங்கிரீட்டில் ஊற்றலாமா, கம்பி துருப்பிடிக்காதா? அந்தக் கோடையில் எல்லா சைட்டிலும் பேச்சு இதுதான். இந்தக் கேள்விக்கு எங்கே என்ன பதில் கிடைக்கும்?

முதலில் கண்காட்சி. துமகூரு சாலையில் உள்ள பிஐஇசி கண்காட்சி வளாகத்தில், இந்தியத் தொழில் கூட்டமைப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் எக்ஸ்கான்தான் இதில் பெரியது. 2023இல் டிசம்பர் 12 முதல் 16 வரை நடந்தது. இப்போது மெட்ரோ மாதவரா வரை போகிறது. முன்பு போல நாகசந்திராவில் இறங்கி ஆட்டோ தேட வேண்டியதில்லை. எக்ஸ்கான் இயந்திரங்களுக்கான சந்தை. எக்ஸ்கவேட்டர், பூம் பம்ப், பேட்சிங் பிளான்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். தண்ணீர்க் கேள்வியை அங்கே கேட்டால், மிக்ஸர் கழுவிய நீரைத் திரும்பப் பயன்படுத்தும் கருவியின் கேட்லாக் கைக்கு வரும். தப்பில்லை, ஸ்டாலில் நிற்பவர் வேலையே விற்பதுதான். மெஷின் வாங்கப் போகிறவர் கண்டிப்பாகப் போகலாம். போகும்போது ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், ஹோஸ் வெடித்தால் மாற்று எத்தனை நாளில் வரும் என்று கேட்க அவருக்குத்தான் தெரியும். வாங்கும் எண்ணம் இல்லாமல் சுற்றினால் கால் வலியும் பை நிறைய விசிட்டிங் கார்டும்தான் மிச்சம்.

அடுத்தது மாலைப் பேச்சு. என் வோட்டு இதற்குத்தான். அம்பேத்கர் வீதியில் உள்ள இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ் கட்டடம், 1982இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் காங்கிரீட் இன்ஸ்டிட்யூட்டின் பெங்களூரு கிளை, பெங்களூரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் கன்சல்டிங் சிவில் எஞ்சினியர்கள் சங்கம் என்று பல இடங்களில் இப்படிப் பேச்சுகள் நடக்கும். ஆறு மணி வாக்கில் டீ, பிஸ்கட், அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு. ஸ்லைடு சுமாராக இருக்கலாம், மைக் கரகரக்கலாம். விஷயம் இருப்பது கேள்வி நேரத்தில்.

அப்படி ஒரு மாலையில் ஒரு இளம் எஞ்சினியர் எழுந்து, சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். பேச்சாளர் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-2000ஐ எடுத்துச் சொன்னார்: பிஎச் 6க்குக் குறையக்கூடாது, கம்பி போட்ட காங்கிரீட் என்றால் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கம்பி இல்லாததற்கு 2,000 வரை போகலாம். சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரில் மூன்று கியூப் (சோதனைக்கான காங்கிரீட் கட்டி), காய்ச்சி வடித்த நீரில் மூன்று கியூப் போட்டு 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் போட்டதன் பலத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வர வேண்டும். இதுவரை புத்தகத்தில் இருப்பது. அப்போது முன்வரிசையில் இருந்த மூத்த கன்சல்டன்ட் ஒருவர் திரும்பி, “எந்த பிளான்ட் தண்ணீர்? சாம்பிள் என்றைக்கு எடுத்தது?” என்று கேட்டார். அபார்ட்மெண்ட் சுத்திகரிப்பு பிளான்ட்டில் காலையில் வரும் நீரும் இரவில் வரும் நீரும் ஒன்றல்ல, ஒரு ரிப்போர்ட்டை வைத்து வருடம் முழுக்க ஓட்டாதே, ஒவ்வொரு டேங்கருக்கும் எங்கிருந்து வந்தது என்று எழுதிவை என்றார். இந்தப் பதில் எந்த ஸ்டாலிலும் கிடைக்காது.

வேலைத் தொடர்பு என்று பார்த்தாலும் இதுதான் மேல். மாதாமாதம் அதே முகங்கள் வரும். ஒரு வீட்டுக்காரருக்குக் கான்ட்ராக்டரைச் சொல்லிவிடுபவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் இது. நாலு கூட்டத்தில் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவரை ஐந்தாவது கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கும் நம் பிள்ளைகள் டீ நேரத்தில் கேட்கலாம். சென்னையிலிருந்து வரும் பேச்சாளர்களும் உண்டு, அவர்களிடம் தமிழிலேயே கேட்டுவிடலாம்.

கட்டணப் பயிற்சிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்டார் ஹோட்டல் கருத்தரங்குக்குக் கம்பெனி பணம் கட்டினால் போங்கள். சொந்தக் காசு என்றால், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பாருங்கள். பார்ப்பது இலவசம், சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஆனால் அங்கே யாரையும் சந்திக்க முடியாது.

படித்தவர்கள் சிமெண்ட் கம்பெனி மீட்டிங்கைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொத்தனாரையும் மேஸ்திரியையும் மதித்துக் கூப்பிட்டு நாற்காலி போடும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். நான் பார்த்த ஒன்றில், டெக்னிக்கல் ஆபீசர், கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்லம்ப் கோனில் சரக்கைப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 தடவை குத்தி, கோனை மெதுவாகத் தூக்கினார். குவியல் கொஞ்சம் தணிந்து அப்படியே நின்றது. அதே கலவையில் கூடுதலாகத் தண்ணீர் விட்டுத் திரும்பச் செய்தபோது கூழாகப் பரவியது. பின்னாலிருந்து ஒரு மேஸ்திரி, “சார், நம்ம சைட்ல பம்ப் ஆளுங்க தெனமும் இப்படித்தான் பண்ணச் சொல்றாங்க” என்றார். தமிழும் கன்னடமுமாக அடுத்த அரை மணி நேரம் நடந்த பேச்சு, நான் கேட்ட பல கருத்தரங்குகளைவிட உருப்படியானது.

குறையும் உண்டு. பேச்சு கடைசியில் அந்த பிராண்டில்தான் போய் முடியும். தண்ணீர்க் கேள்வியை நான் அங்கே கேட்டபோது, எங்கள் சிமெண்டுக்கு எதுவும் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி கூரை போடக்கூடாது. செய்முறையை அங்கே கற்றுக்கொண்டு, சந்தேகத்தை மாலைப் பேச்சில் கேட்பதே சரி.

மாலைப் பேச்சு நடத்தும் சங்கங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஆறு மணிக்கு மேஸ்திரி வர முடியாது. அந்த நேரத்தில் அவர் கூலி பட்டுவாடா செய்துகொண்டிருப்பார், இல்லை சென்ட்ரிங்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இந்த நகரத்தின் தளங்களைப் போடுகிறவர்களுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பேச்சு வையுங்கள். அரங்கம் உங்களிடம் இருக்கிறது, பேசத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கூட்டம் சேர்க்கும் பொறுப்பை எங்களைப் போன்ற கான்ட்ராக்டர்கள் எடுத்துக்கொள்கிறோம்.