டர்போ காருக்கு எது: திறந்த கோனா, பெட்டி ஃபில்டரா?

டர்போ காரில், அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஏற்றும் டர்போ உள்ள காரில், காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும் என்றால் பலர் முதலில் பார்ப்பது பெட்டி இல்லாத, கூம்பு வடிவத் திறந்த கோன் ஏர் ஃபில்டரைத்தான், அந்த 'உஸ்ஸ்' சத்தத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனால் மதுரை வெயிலில் பானெட்டுக்குள் அது இழுப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை. 30 டிகிரி காற்று 60 ஆனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் ஈடுகட்டும்தான், மாட்டுத்தாவணி நெரிசலில் நின்றால் அதற்கே காற்று கிடைக்காது.

காரோடு வரும் கம்பெனி ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் நல்ல ஃபில்டர் போட்டால் சத்தம் வராது, பெரிய வித்தியாசமும் தெரியாது, ஆனால் பெரும்பாலான கார்களில் முகப்பிலிருந்து வெளிக்காற்றையே இழுக்கும்.

அப்புறம் தூசி. மேலூர்ப் பக்கம் கல் லாரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டும் மண் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் இறக்கையைத்தான் முதலில் அரிக்கும். எண்ணெய் தடவும் வகை என்றால், அளவு மீறினால் காற்றளவு சென்சாரில் படிந்து கணக்கைக் கெடுக்கும்.

கோன்தான் வேண்டுமா, சரி, வெப்பத்தடுப்புப் பெட்டியும் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாயும் சேர்த்தே போடுங்கள். என் வண்டியில் பெட்டி ஃபில்டர்தான். பழையதைக் கழற்றித் தட்டினேன், ஒரு கைப்பிடி மண்.