பழைய 32-பிட் கணினிக்கு எது: டெபியன், ஆன்ட்டிஎக்ஸ், பப்பி, நெட்பிஎஸ்டி?

கடலூர், புதுச்சேரி வீடுகளின் பரணில் தூங்கும் கணினிகளை இரண்டு ரகமாகப் பிரிக்கலாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைப் போன்றவை ஒரு ரகம். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) சேர்ந்தே வந்தது; லினக்ஸ் ஓடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 64-பிட் செயலிதான், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13-ஐப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தலைவலி எல்லாம் 32-பிட் செயலி உள்ள இன்னொரு ரகத்தில்: ஆட்டம் என்270 நெட்புக், பழைய பென்டியம் 4 மேசைக் கணினி. ரேம் 1 ஜி.பி. இருந்தால் பெரிய விஷயம்.

இவற்றுக்கு வழி குறுகிக்கொண்டே வருகிறது. உபுண்டு லினக்ஸ் 2017-லேயே 32-பிட் மேசைப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் நிறுவியே (கணினியில் ஏற்றித் தரும் நிரல்) இல்லை. லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளமும் 15-ஆம் பதிப்பில் கைகழுவிவிட்டது. மிச்சமிருப்பதில் பார்க்கத் தகுந்தவை டெபியன் 12, அதன் மேல் கட்டிய ஆன்ட்டிஎக்ஸ் 23, பப்பி என்ற சிறிய லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டியின் உறவான நெட்பிஎஸ்டி 10. எது வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: பாதியில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று எது சொல்கிறது?

முதல் மோதல் நிறுவியை ஏற்றிய பென்டிரைவோடுதான். பழைய பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) ‘பூட்’ பக்கத்தில் பென்டிரைவ் பெயரே தெரியாது. பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க் வரிசை என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். பென்டிரைவைச் செருகிய பிறகு பயாஸுக்குள் போனால் பல மதர்போர்டுகளில் அது அந்தப் பட்டியலில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கும். மேலே ஏற்றிவிட வேண்டும். அப்படியும் வராவிட்டால் டிவிடிதான். இதில் நான்கும் ஒன்றுதான், எதற்கும் சலுகை கிடையாது.

அடுத்தது கறுப்புத் திரை. திருப்பாதிரிப்புலியூரில் சித்தப்பாவின் டைப்பிங் கடைக் கணினியில் சிஸ் நிறுவன கிராஃபிக்ஸ். அதற்கு லினக்ஸில் ஒழுங்கான புது டிரைவர் கிடையாது. டெபியனில் பூட் மெனு வந்ததும் டேப் விசையைத் தட்டி, வரியின் கடைசியில், திரையை எளிய முறையில் ஓட்டச் சொல்லும் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று நாமே சேர்க்க வேண்டும். ஆன்ட்டிஎக்ஸ் மெனுவில் பாதுகாப்பான திரை முறை தனி வரியாகவே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். நெட்பிஎஸ்டி நிறுவியோ வெறும் எழுத்துத் திரை. கறுப்பாக அங்கே ஒன்றுமில்லை. மின்சாரத்தையும் சாதனங்களையும் கையாளும் ஏசிபிஐ இல்லாமல் தொடங்கும் வழியையும் முதல் மெனுவிலேயே வைத்திருக்கிறார்கள். கோளாறு பிடித்த போர்டுகளுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது சிக்கலை யாரும் சந்தேகப்படுவதில்லை: தேதி. போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் செத்துப்போனால் கணினி 2002-க்கோ 2005-க்கோ போய்விடும். பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும். மென்பொருளை நிறுவும் ஆப்ட் கட்டளை, கோப்பு இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்று முறைக்கும். நெட் இணைப்பு இருந்தால் டெபியன் நிறுவி சரியான நேரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆன்ட்டிஎக்ஸ் நிறுவலுக்கு நெட்டே வேண்டாம், தன்னையே பிரதி எடுத்துக்கொள்ளும். அதனால் நிறுவும்போது எல்லாம் சுபம். முதல் அப்டேட்டில்தான் குட்டு வெளிப்படும். புது செல் போட்டுவிட்டே வேலையைத் தொடங்குங்கள், மலிவான சாமான்தான்.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரியில் வைத்திக்குப்பம் பக்கமோ இருந்த பெட்டி என்றால் ரேம் முனைகளில் உப்பு பூத்திருக்கும். நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பதிப்பைத் திட்டாதீர்கள். ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் முனைகளைத் தேய்த்து, திரும்பப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள்.

காரணம் சொல்வதில் டெபியனை அடிக்க ஆளில்லை. எழுத்து நிறுவியில் ஆல்ட்டோடு எஃப்4-ஐத் தட்டினால் உள்ளே நடப்பது எல்லாம் வரிவரியாக ஓடும். எஃப்2-இல் கட்டளைத் திரை கிடைக்கும். டிஸ்க் படிக்க முடியாமல் திணறுகிறதா, வைஃபை சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் இல்லையா, அங்கேயே தெரியும். பழைய பிராட்காம் வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேரைத் தனியாகத்தான் இறக்க வேண்டும். அதுவரை செல்போனை யூஎஸ்பியில் இணைத்து நெட்டைப் பகிருங்கள். ஒரு குறை: தமிழில் நிறுவ வரைகலை நிறுவி வேண்டும், ரேம் மிகக் குறைவு என்றால் மொழித் தேர்வே வராது.

பப்பியை நிறுவுவதற்குப் போட்டியாளராக நான் வைக்கவில்லை, சோதனைக் கருவியாக வைக்கிறேன். முழுக்க ரேமில் ஏறி ஓடும். ஹார்ட் டிஸ்க் செத்த கணினியிலும் எழுந்து நிற்கும், விண்டோஸ் எக்ஸ்பியில் மாட்டிய பழைய புகைப்படங்களை டிஸ்க் பிரிவுகளைத் தொடாமலேயே எடுத்துத் தரும். நெட்பிஎஸ்டி சுத்தமான வேலை. ஆனால் வீட்டில் அம்மா பார்க்கும் கணினிக்கு அதைப் போடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கோப்பு சர்வர், டெர்மினல் என்றால் தாராளமாக.

சரி, என் தேர்வு. ரேம் 1 ஜி.பி. வரை ஆன்ட்டிஎக்ஸ், டெஸ்க்டாப் எழுந்ததும் சுமார் 200 எம்.பி.தான் எடுக்கும். 2 ஜி.பி. இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு டெபியன் 12. நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. கடைக் கணினியில் ஆன்ட்டிஎக்ஸ்தான் போட்டேன். லிப்ரே ஆபீஸில் தமிழ்99 விசைப்பலகையில் மனு அடிக்கிறார் சித்தப்பா. யூடியூப் மட்டும் திக்குகிறது. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது, பயர்பாக்ஸும் கதவைச் சாத்திவிட்டது. அதற்கு அவர் செல்போனை வைத்துக்கொள்கிறார்.