'இன்டர்வியூ காம்போ' கோட் சூட் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முதல் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் துணி எடுக்கத் தி.நகர் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள், போன மாதம் என் தம்பியை ஒரு கடையில் நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

ஊரிலிருந்து வந்த பையன், ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இன்டர்வியூ, ஒரு சட்டை எடுக்கத்தான் போனான். "கோட் இல்லாம போனா மதிக்கவே மாட்டாங்க தம்பி" என்று சேல்ஸ்மேன் சொன்னதும் பயந்துவிட்டான். 'இன்டர்வியூ காம்போ' என்று கோட், பேன்ட், சட்டை, டை, பெல்ட் சேர்த்து 4,999 ரூபாய். உல்லன் மிக்ஸ் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அப்பா கொடுத்தனுப்பிய பணம் அதோடு சரி.

ஆல்டர் செய்து மறுநாள் தருகிறோம் என்றவர்கள், இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி கடை மூடும் நேரத்தில்தான் கொடுத்தார்கள், போட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. வீட்டில் மேலே துணி விரித்து லேசான சூட்டில்தான் அயர்ன் பண்ணினேன், கோட்டின் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. விறைப்புக்காக உள்ளே ஒட்டுகிற பியூசிங்கின் பசை மட்டமாக இருந்தால் சூடு பட்டதும் இப்படி விட்டுப்போகும். பேன்ட்டைப் போட்டு உட்கார்ந்தான், பின்தையல் பிரிந்தது. திருப்பிப் பார்த்தால், மறுபடி தைக்கக் கொஞ்சம்கூடத் துணி விடாமல் வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். கம்பளி கலந்திருந்தால் முடி கருகுகிற வாடை வரும், இது உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையாக நின்றது. பாலியஸ்டர்தான்.

கடைசியில் காலேஜுக்குப் போட்ட வெளிர்நீலச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போட்டுக்கொண்டு போனான், அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர்கூடக் கோட் போடவில்லையாம். இந்த மாதிரி வேலைகளுக்கு நன்றாக அயர்ன் செய்த சட்டை, அளவான பேன்ட், துடைத்த ஷூ போதும். பெண்கள் என்றால் சுடிதாரோ காட்டன் புடவையோ. சந்தேகம் இருந்தால் கூப்பிட்ட ஹெச்.ஆரிடமே கேட்டுவிடுங்கள், துணி விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஆல்டர் செய்ததை எடுக்க மாட்டோம் என்று போர்டைக் காட்டினார்கள். தம்பிக்குக் கொடுத்திருந்ததோ ஜி.எஸ்.டி. எண்கூட இல்லாத துண்டுச்சீட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் முறையற்ற வணிகம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். திரும்ப எடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. சுவரில் போர்டு மாட்டிவிட்டால் அந்தச் சட்டம் இல்லாமல் போய்விடாது. நல்லவேளை, பணம் ஜிபேயில் போயிருந்ததால் கட்டியதற்கு ஆதாரம் இருந்தது. அதையும் கோட்டின் போட்டோக்களையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், துணி என்ன ரகம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ஆல்டர் முடிந்ததும் அங்கேயே போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள், இன்டர்வியூவுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே கையில் வாங்கிவிடுங்கள்.

புகார் போன பிறகு கடையிலிருந்து கூப்பிட்டுப் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.