குளச்சல் துறைமுகத்துப் ‘பழைய ஓவியம்’ என்று யாராவது விற்றால் உஷார்

குளச்சலில் இருந்து பாய்க்கப்பல்கள் புறப்படும் காட்சி, 1741-ல் திருவிதாங்கூருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த போர்க்காலத்தில் டச்சுக்காரர் ஒருவர் வரைந்த ஒரிஜினல் என்று சொல்லி நாகர்கோவில் பக்கம் ஒரு வியாபாரி விற்ற படம் எங்கள் பட்டறைக்கு ஃபிரேம் மாற்ற வந்தது. வாங்கியவர் கொடுத்தது 38,000 ரூபாய். அது ஓவியமே இல்லை. கேன்வாஸ் துணியில் பிரிண்ட் எடுத்து, மேலே நிறமற்ற அக்ரிலிக் ஜெல் தடவியிருக்கிறார்கள்.

கையால் தடவினால் பிரஷ் தடம் தட்டுப்படும், அதில்தான் பலரும் விழுகிறார்கள். டார்ச்சைப் படத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வரைந்த படத்தில் தடம் அலையோடும் பாயின் வளைவோடும் போகும். இதில் வானம், கப்பல், கடல் என்று பார்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்திருந்தது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் வெள்ளைப் பாயைப் பார்த்தால் நீலம், ரோஸ், மஞ்சள் மசிப் புள்ளிகள். வெடிப்பும் வார்னிஷோடு நின்றுவிட்டது. நிஜமான பழைய வெடிப்பு பெயின்ட்டைத் தாண்டி அடிப்பூச்சு வரை இறங்கும்.

பின்பக்கம் துணி முழுக்க ஒரே பழுப்பு, டீத்தண்ணீர் கறை. ஓரத்தில் ஆணிக்குப் பதில் ஸ்டேப்ளர் பின். பழைய படத்தையும் பிறகு யாராவது பின் அடித்து மாற்றியிருக்கலாம், ஆகவே பின்னை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கடல் தெரிந்தவர் கண்ணுக்குப் படமே காட்டிக்கொடுக்கும். பின்காற்றில் பாய் முன்னால் புடைத்திருக்கிறது, கொடியோ பின்னால் பறக்கிறது. பாய்மரத்துக் கயிறு ஒன்று எதிலும் கட்டாமல் நடுவானில் முடிகிறது. பிரிட்டிஷ் கொடியில் சாய்ந்த சிவப்புக் கோடுகள்; அவை 1801-ல்தான் சேர்ந்தன.

நூறு வருஷம் தாண்டிய ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள். பில்லில் ‘கையால் வரைந்த எண்ணெய் ஓவியம்’ என்றும் காலமும் எழுதி வாங்குங்கள். இந்தப் படத்தை வாங்கியவருக்குக் கொடுத்த பில்லில் ‘வால் டெக்கரேஷன் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. விற்றவர் இப்போது அதையே நீட்டுகிறார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் படத்தைத் துடைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பணம் போட்ட ரசீது, லென்ஸ் வழியாக எடுத்த போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனுப் போடலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.