ஆக்டிவ் சஸ்பென்ஷன் கட்டுப்படுத்தி வடிவமைக்க ரோபஸ்ட் கண்ட்ரோல் டூல்பாக்ஸ்: ஒரு மதிப்பீடு

மேட்லாப் மென்பொருளுக்கான ரோபஸ்ட் கண்ட்ரோல் டூல்பாக்ஸை (மாதிரிக்கும் உண்மைக்கும் வேறுபாடு இருந்தாலும் தாக்குப்பிடிக்கும் கட்டுப்படுத்திகளை வடிவமைக்கும் கருவித்தொகுப்பை), வாகனக் கட்டுப்பாட்டியல் பயிலும் முதுநிலை மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதனுடன் வரும், சாலை அதிர்வை ஆக்சுவேட்டர் என்னும் விசை தரும் கருவியால் அடக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் எடுத்துக்காட்டே அதற்கு முதற்காரணம்.

ஒரு சக்கரமும் அது தாங்கும் உடற்பகுதியும் மட்டும் கொண்ட கால்வண்டி (வண்டியின் நான்கில் ஒரு பங்கு) மாதிரி அது. உடலின் நிறை 300 கிலோ, சக்கரத்தின் நிறை 60 கிலோ, டயரின் விறைப்பு மீட்டருக்கு 1,90,000 நியூட்டன். வடிவமைப்பில் இறங்குவதற்கு முன்பே, எந்தக் கட்டுப்படுத்தியாலும் இயலாதது எது என்பதை இது காட்டிவிடுகிறது. ஆக்சுவேட்டரின் விசை உடலையும் சக்கரத்தையும் எதிரெதிர்த் திசைகளில் சம அளவில் தள்ளுவதால், சக்கரம் டயரின்மேல் துள்ளும் அதிர்வெண்ணான வினாடிக்கு 56.27 ரேடியனில், அதாவது ஏறத்தாழ 9 ஹெர்ட்ஸில், உடலின் முடுக்கத்தை அந்த விசையால் சிறிதும் மாற்ற முடியாது, வினாடிக்கு 22.97 ரேடியனில் சஸ்பென்ஷனின் நீட்சிக்கும் (உடலுக்கும் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூர மாற்றத்துக்கும்) இதே நிலைதான். எந்த அதிர்வெண்ணில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று குறிக்கும் எடைச் சார்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தே காலத்தைச் செலவிடும் ஆய்வு மாணவருக்கு இந்த ஒரு தெளிவு பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

அதன்பின், மிக மோசமான நிலையிலும் விளைவை வரம்புக்குள் வைக்க முயலும் எச்-இன்ஃபினிட்டி முறையில் சொகுசுக்கு ஒன்று, கையாளுதலுக்கு ஒன்று, இடைப்பட்டது ஒன்று என மூன்று கட்டுப்படுத்திகள் உருவாகின்றன. 5 சென்டிமீட்டர் உயரமுள்ள மேட்டின்மீது அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். ஆக்சுவேட்டரின் நடத்தை மாதிரியிலிருந்து விலகும்போது இடைப்பட்ட வடிவமைப்பின் விளைவு சிதறுவதையும், மாதிரியின் நிச்சயமின்மையையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கும் மியூ-சிந்தசிஸ் முறை அச்சிதறலைக் குறைப்பதையும் அடுத்தடுத்த வரைபடங்களில் காணும்போது, பாடநூலில் வறண்டு கிடந்த கோட்பாட்டுக்குப் பொருள் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. கையாளுதலைச் சஸ்பென்ஷன் நீட்சியைக் கொண்டே அளக்கிறார்கள். சாலைப்பிடிப்பைத் தீர்மானிக்கும் டயர் விசையின் ஏற்ற இறக்கத்துக்குத் தனி எடை தரப்படவில்லை. அதை ஒரு கூடுதல் வெளியீடாக மாணவர் சேர்த்துக்கொள்வது நல்லது. இவ்வகை வடிவமைப்பில் கிடைக்கும் கட்டுப்படுத்திகளின் படிநிலையும் (உள்நிலை மாறிகளின் எண்ணிக்கையும்) உயர்ந்தது. வண்டியின் கணினியில் ஏற்றுமுன் அதைக் குறைத்தாக வேண்டும்.

செமி-ஆக்டிவ் டேம்பருக்கு (தணிப்பின் அளவை மட்டும் மாற்றக்கூடிய அதிர்வுத் தணிப்பானுக்கு) இதை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது. டேம்பரால் ஆற்றலை உறிஞ்ச மட்டுமே முடியும். இங்கு கிடைக்கும் கட்டுப்படுத்தியோ இரு திசைகளிலும் தடையின்றி விசை கேட்கும். அந்த வரம்பை மேட்லாபின் உருவகப்படுத்தும் கருவியான சிமுலிங்கில் தனியே அமைத்து மறுபடி சோதித்த பிறகே முடிவுகளை நம்பலாம்.